அறுவை சிகிச்சை யாருக்கு, எப்போது? மூளை இரத்தக்குழாய், முதுகெலும்பு நோய்களில் அண்மைக்கால ஆய்வுகள் கூறுவன

மூளையில் இரத்தம் கசிந்துள்ளது என்றோ, முதுகெலும்பில் நரம்பு அழுந்தியுள்ளது என்றோ மருத்துவர் கூறும்போது, நோயாளியும் அவருடைய குடும்பத்தினரும் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “அறுவை சிகிச்சை செய்தாக வேண்டுமா?” ஒருவர் உடனே செய்யுமாறு கூறுகிறார், மற்றொருவர் சில வாரங்கள் பொறுக்குமாறு கூறுகிறார். இவ்வேறுபாடு எப்போதும் மருத்துவர்களின் திறமைக் குறைவால் எழுவதன்று. நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையில் கடந்த பத்தாண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் பழைய நம்பிக்கைகள் பலவற்றை மாற்றியுள்ளன. சில நோய்களில் முன்பைவிட விரைவாகவும் துணிவாகவும் செயல்பட வேண்டும் என்று அவை காட்டியுள்ளன. வேறு சில நோய்களில், வழக்கமாகச் செய்துவந்த சிகிச்சையின் ஒரு பகுதி தேவையற்றது என்று தெரியவந்துள்ளது.

முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் தெளிவான கேள்விகளைக் கேட்க உதவும் பொருட்டு, அவ்வாய்வுகளுள் முக்கியமானவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

அறுவை சிகிச்சையை எவ்வாறு சோதிக்கிறார்கள்?

ஒரு சிகிச்சை பெற்றவர் குணமடைந்தார் என்பதனால் மட்டும் அச்சிகிச்சை பயனளித்தது என்று கூற இயலாது. சிகிச்சை இன்றியும் அவர் குணமடைந்திருக்கக்கூடும். ஆகவே, ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளை அவர்களின் ஒப்புதலுடன் இரு குழுக்களாகப் பிரிக்கின்றனர். எவர் எக்குழுவில் சேர்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிப்பதில்லை. அது சீட்டுக் குலுக்குவதைப் போன்று சமவாய்ப்பு முறையில் அமைகிறது. குறிப்பிட்ட காலம் கழிந்தபின் இரு குழுக்களின் நிலையையும் ஒப்பிடுகின்றனர்.

இம்முறையின் வலிமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். எலும்பு மெலிவினால் முறிந்த முதுகெலும்புக்குள் ஊசி வழியாக எலும்புச் சிமெண்டைச் செலுத்தும் சிகிச்சை பல நாடுகளில் பரவலாகச் செய்யப்பட்டுவந்தது. சிகிச்சை பெற்றவர்களுள் பலர் வலி குறைந்ததாகக் கூறினர். 2009-ஆம் ஆண்டில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் 78 பேரும் மற்றொன்றில் 131 பேரும் பங்கேற்றனர். ஒரு குழுவினருக்கு உண்மையான சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றக் குழுவினருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போடப்பட்டது. உண்மையான சிகிச்சை நடப்பதாகவே தோன்றும் வண்ணம் சிமெண்டின் வாசனைகூட அறையில் பரவவிடப்பட்டது. இரு குழுக்களிலும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. பின்னர் 2016-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, முறிவு ஏற்பட்டு ஆறு வாரங்களுக்குள் கடும் வலியுடன் வந்தவர்களுக்கு இச்சிகிச்சை பயன் தந்ததாகக் காட்டியது. எனவே எலும்பு முறிந்த எல்லோருக்கும் இது உரியதாகக் கருதப்படுவதில்லை; தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே மருத்துவர்கள் இதைப் பரிசீலிக்கின்றனர்.

மூளை தொடர்பான ஆய்வுகளில் நோயாளியின் நிலை பெரும்பாலும் 0 முதல் 6 வரையிலான ஓர் அளவுகோலால் குறிக்கப்படுகிறது. 0 என்பது எவ்விதக் குறையும் இல்லாத நிலை. 2 வரை உள்ளவர் தம் வேலைகளைப் பிறர் உதவியின்றித் தாமே செய்துகொள்வார். 3 உடையவருக்குச் சிறிது உதவி தேவை, ஆனால் நடப்பார். 5 என்பது படுக்கையிலேயே இருந்து முழுநேரப் பராமரிப்பை வேண்டும் நிலை. 6 என்பது இறப்பு. “சிகிச்சை வெற்றி” என்ற சொல்லைக் கேட்கும்போது, அது இவ்வளவுகோலில் எந்த நிலையைக் குறிக்கிறது என்று கேட்டறிவது இன்றியமையாதது.

இரத்த உறைவால் வரும் பக்கவாதம்: நீண்டுவந்த காலக்கெடு

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் உறைவுக்கட்டி அடைத்துக்கொள்வதால் ஏற்படும் பக்கவாதத்துக்கு, அறிகுறி தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் உறைவைக் கரைக்கும் ஊசி மருந்து செலுத்துவது நெடுங்காலமாக உள்ள சிகிச்சை. பெரிய குழாய் அடைபட்டிருந்தால் அம்மருந்து மட்டும் பல வேளைகளில் போதுவதில்லை. தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையிலுள்ள உறைவுக்கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் முறை அதற்கென உருவானது.

நெதர்லாந்தில் 500 நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘எம்.ஆர். க்ளீன்’ ஆய்வு இம்முறையின் பயனை முதன்முதலில் தெளிவாக நிறுவியது. உறைவு அகற்றப்பட்ட குழுவில் 32.6 விழுக்காட்டினர் தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலைக்கு மீண்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 19.1 விழுக்காடு. 2015-இல் மேலும் நான்கு ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. ஐந்து ஆய்வுகளிலும் பங்கேற்ற 1,287 பேரின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, அவ்விகிதம் 46-க்கு 26.5 என அமைந்தது.

அடுத்து எழுந்த கேள்வி, நேரம் கடந்து வருபவர்களைப் பற்றியது. இரவில் நலமாக உறங்கி, காலையில் கைகால் செயலிழந்து எழுபவருக்கு நோய் எப்போது தொடங்கியது என்று எவரும் அறியார். 2018-இல் வெளியான ‘டான்’ ஆய்வு, நலமாக இருந்ததாகக் கடைசியாகக் காணப்பட்ட நேரத்திலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 206 பேரைச் சேர்த்தது. சிறப்பு ஸ்கேன் மூலம், மூளையில் இன்னும் காப்பாற்றத்தக்க பகுதி உள்ளவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தனர். உறைவு அகற்றப்பட்டவர்களில் 49 விழுக்காட்டினரும், மற்றக் குழுவில் 13 விழுக்காட்டினரும் தற்சார்பு நிலையை அடைந்தனர்.

மூளையின் பெரும்பகுதி ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் இச்சிகிச்சை பயனற்றது என்ற கருத்தும் பின்னர் மாறியது. 2023-இல் வெளியான ‘செலக்ட்-2’ ஆய்வில் அத்தகைய நோயாளிகளுள் 20 விழுக்காட்டினர் தற்சார்பு பெற்றனர். உறைவு அகற்றப்படாத குழுவில் அது 7 விழுக்காடு. இவ்வெண்களை இரு வகையாகவும் படிக்க வேண்டும். வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகியது உண்மை. சிகிச்சை பெற்ற ஐவருள் நால்வர் அந்த நிலையை எட்டவில்லை என்பதும் உண்மை. கடும் பாதிப்புடன் வந்தவரின் குடும்பத்தினர் நம்பிக்கையையும் வரம்பையும் ஒருங்கே அறிந்திருத்தல் நலம்.

இம்முறை எல்லா அடைப்புக்கும் பொருந்துமா? 2025-இல் வெளிவந்த ‘டிஸ்டல்’, ‘எஸ்கேப்-மெவோ’ என்னும் இரு ஆய்வுகள் முறையே 543, 530 பேரைச் சேர்த்து, நடுத்தர, சிறிய இரத்தக்குழாய்களில் ஏற்படும் அடைப்பை ஆராய்ந்தன. உறைவை இழுத்தெடுத்ததால் கூடுதல் பயன் எதுவும் காணப்படவில்லை. ‘எஸ்கேப்-மெவோ’ ஆய்வில் இறப்பு, உறைவு அகற்றப்பட்டவர்களில் 13.3 விழுக்காடாகவும் மற்றவர்களில் 8.4 விழுக்காடாகவும் இருந்தது. சிறிய குழாய்கள் மெல்லியவை. கருவி செல்லும்போது அவை காயமடையும் வாய்ப்பு மிகுதி. ஆகவே “அடைப்பு இருக்கிறது, ஆயினும் குழாய் செலுத்தி எடுக்கவில்லை” என்று மருத்துவர் கூறினால், அது கைவிட்டதாகப் பொருள்படாது. அது ஆய்வின் வழிப்பட்ட முடிவாக இருக்கலாம். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூளைக்குள் இரத்தக்கசிவு: கட்டியை எடுப்பதா, விடுவதா?

உயர் இரத்த அழுத்தத்தால் மூளைக்குள்ளேயே குழாய் வெடித்து இரத்தம் தேங்கும்போது, அதை அகற்றினால் நோயாளி தேறுவார் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 2005-இல் வெளியான ‘ஸ்டிச்’ ஆய்வில், 1,033 நோயாளிகளிடையே முன்கூட்டியே அறுவை செய்ததால் மொத்தத்தில் பயன் தெரியவில்லை. மூளையின் மேற்பரப்புக்கு அருகில் கசிவு உள்ளவர்களை மட்டும் சேர்த்து 2013-இல் வெளியான இரண்டாம் ஆய்வும் தெளிவான பயனை நிறுவவில்லை. மண்டையோட்டைத் திறந்து, நல்ல நிலையிலுள்ள மூளைத்திசுவைக் கடந்து செல்லும்போது ஏற்படும் சேதம், கட்டியை எடுப்பதால் வரும் நன்மையைச் சமன்செய்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம்.

2024-இல் வெளியான ‘என்ரிச்’ ஆய்வு இந்நிலையில் முதல் மாற்றத்தைக் கொணர்ந்தது. அமெரிக்காவில் 300 பேரிடம் நடந்த இவ்வாய்வில், கசிவு ஏற்பட்ட 24 மணி நேரத்துக்குள், சிறு துளை வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி இரத்தம் அகற்றப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பின் நோயாளிகளின் செயல்திறன் மேம்பட்டிருந்தது. 30 நாள்களுக்குள் இறந்தோர் 9.3 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்ற குழுவில் 18 விழுக்காடு. ஆயினும் இப்பயன் மேற்பரப்புக்கு அருகிலுள்ள கசிவில்தான் காணப்பட்டது. மூளையின் ஆழ்பகுதியில் கசிவு உள்ளவர்களைச் சேர்ப்பது ஆய்வின் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே, “கசிவு எந்த இடத்தில் உள்ளது, எவ்வளவு?” என்பது நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

ஆழ்பகுதியில் பெருங்கசிவு உள்ளவர்களுக்கு வேறொரு வழி ஆராயப்பட்டது. கட்டியைத் தொடாமல், மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி, வீங்கிய மூளைக்கு இடமளிப்பதே அம்முறை. 2024-இல் வெளியான ‘ஸ்விட்ச்’ ஆய்வில், ஆறு மாதங்களில் இறந்தவர்களோ முழுப் படுக்கையானவர்களோ அறுவை பெற்ற குழுவில் 44 விழுக்காடு. மற்றக் குழுவில் 58 விழுக்காடு. நிதிப் பற்றாக்குறையால் ஆய்வு இடையில் நின்றுபோனமையால், பங்கேற்றோர் எண்ணிக்கை 201 அளவிலேயே இருந்தது. எனவே முடிவு உறுதியாக நிறுவப்படவில்லை. உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் இரு குழுக்களிலும் கடும் இயலாமையுடனேயே வாழ்ந்தனர்.

இங்கே மருத்துவ அறிவு ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. முடிவு உங்களிடம் வருகிறது. உயிர் காப்பாற்றப்படலாம்; பேச்சும் நடையும் மீளாமற் போகலாம். அத்தகைய வாழ்வை நோயாளி ஏற்றிருப்பாரா என்பதை எந்த ஆய்வும் கூற இயலாது. அவர் முன்பு இதைப் பற்றி ஏதேனும் கூறியிருந்தால், அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். எம்முடிவை எடுத்தாலும் குடும்பத்தினர் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

அறுவை சிகிச்சை இல்லாமலேயே பயன் தருவனவும் உண்டு. 2023-இல் வெளியான ‘இன்டராக்ட்-3’ ஆய்வில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட 10 நாடுகளைச் சேர்ந்த 7,036 நோயாளிகள் பங்கேற்றனர். இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொணர்தல், சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துதல், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்கு அதன் விளைவை விரைந்து மாற்றுதல் ஆகியன ஒருசேரச் செய்யப்பட்டன. மோசமான விளைவுகள் குறைந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. மாவட்ட மருத்துவமனையிலும் இது இயலும். நோயாளி வார்ஃபாரின் போன்ற மருந்து உட்கொள்பவராயின், அச்சீட்டை உடன் எடுத்துச் செல்வது உயிர்காக்கும் தகவலாகும்.

முதியோருக்கு மூளையுறைக்கு அடியில் தேங்கும் இரத்தம்

முதியவர் ஒருவர் குளியலறையில் இலேசாக வழுக்கி விழுகிறார், காயம் ஏதுமில்லை. சில வாரங்களுக்குப் பின் நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, நினைவு மங்குகிறது. வயதின் தளர்ச்சி என்று வீட்டார் விட்டுவிடுவதுண்டு. மூளையுறைக்கு அடியில் மெல்லமெல்ல இரத்தம் தேங்கி மூளையை அழுத்துவதே காரணமாக இருக்கலாம். மண்டையோட்டில் சிறு துளையிட்டு அதை வடித்தால் பெரும்பாலோர் நன்கு தேறுவர். மீண்டும் தேங்குவதே இந்நோயின் தொல்லை.

இங்கிலாந்தில் 215 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு ஓர் எளிய விடையைத் தந்தது. வடித்தபின் இரண்டு நாள்களுக்கு வடிகுழாயை விட்டுவைத்தால், மீண்டும் அறுவை செய்ய வேண்டியவர்கள் 24 விழுக்காட்டிலிருந்து 9.3 விழுக்காடாகக் குறைந்தனர். ஆறு மாதங்களுக்குள் ஏற்பட்ட இறப்பும் குறைந்தது.

ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த டெக்சாமெத்தசோன் மருந்தின் கதை வேறானது. 2020-இல் வெளியான, 748 பேர் பங்கேற்ற ஆய்வில், அம்மருந்து மறு அறுவையின் தேவையை 7.1 விழுக்காட்டிலிருந்து 1.7 விழுக்காடாகக் குறைத்தது. இதை மட்டும் பார்த்தால் வெற்றியே. ஆனால் ஆறு மாதங்களில் நல்ல நிலையில் இருந்தவர்கள் மருந்து பெற்ற குழுவில் 83.9 விழுக்காடு; பெறாத குழுவில் 90.3 விழுக்காடு. ஸ்கேனிலும் மறு அறுவைக் கணக்கிலும் தெரியும் முன்னேற்றம் நோயாளியின் வாழ்வில் தெரியவில்லை. எந்த ஆய்வுச் செய்தியைப் படித்தாலும், அளக்கப்பட்டது எது என்று பார்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

இப்போது பேசப்படுவது, மூளையுறைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியைக் குழாய் வழியாக அடைத்துவிடும் முறை. 2024 நவம்பரில் வெளியான ‘எம்போலைஸ்’ ஆய்வில் 400 பேர் பங்கேற்றனர். அறுவையுடன் இம்முறையும் செய்யப்பட்டவர்களில் 4.1 விழுக்காட்டினருக்கே மறு அறுவை தேவைப்பட்டது. அறுவை மட்டும் பெற்றவர்களில் 11.3 விழுக்காட்டினருக்குத் தேவைப்பட்டது. அதே காலத்தில் சீனாவில் 722 பேரிடம் நடந்த ஆய்வில் வேறுபாடு 6.7-க்கு 9.9 என்ற அளவிலேயே இருந்தது. தற்செயலாக நேர்ந்திருக்கவும் கூடும் என்பதால் அது பயனாக உறுதிசெய்யப்படவில்லை. அரிதாக இம்முறையாலேயே பக்கவாதம் ஏற்படுவதும் உண்டு. ‘எம்போலைஸ்’ ஆய்வுக்கு நிதியளித்தது மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்று. அதனால் மட்டும் முடிவு தவறாகிவிடாது. எனினும், படிப்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

கால் வரை இறங்கும் முதுகு வலி: எவ்வளவு காலம் பொறுக்கலாம்?

முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் வலியைச் சயாட்டிகா என்பர். பிதுங்கிய பகுதி பல வேளைகளில் நாளடைவில் தானே சுருங்குகிறது. இங்கு எப்போது அறுப்பது என்பதே கேள்வி.

நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரங்களாகக் கடும் சயாட்டிகாவால் வருந்திய 283 பேரிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. உடனே அறுவை பெற்றவர்கள் விரைவில் தேறினர்: தேறுவதற்கான இடைக்காலம் அவர்களுக்கு 4 வாரங்கள்; பொறுத்திருந்தவர்களுக்கு 12 வாரங்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரு குழுக்களிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். பொறுத்திருந்த குழுவில் 39 விழுக்காட்டினர் வலி தாளாமல் ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டனர். எனவே இக்கட்டத்தில் அறுவை தருவது விரைவான நிவாரணம். பொறுப்பதால் இறுதி விளைவு கெடுவதில்லை. கூலி வேலைக்குச் சென்றாக வேண்டியவருக்கும் வீட்டில் ஓய்வெடுக்க இயன்றவருக்கும் இதன் பொருள் வேறுபடலாம். இரு தெரிவுகளும் நியாயமானவையே.

வலி நாட்பட்டுவிட்டால் நிலை மாறுகிறது. 2020-இல் வெளியான கனடிய ஆய்வில், 4 முதல் 12 மாதங்களாக வலியுடன் இருந்த 128 பேர் பங்கேற்றனர். ஆறு மாதங்களுக்குப் பின், 10-க்கு என அளக்கப்பட்ட கால் வலி, அறுவை பெற்ற குழுவில் 2.8 ஆகவும், உடற்பயிற்சி, மருந்து முதலியன பெற்ற குழுவில் 5.2 ஆகவும் இருந்தது. இரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு பொதுநெறி தெரிகிறது: முதற்சில வாரங்களில் பொறுப்பது தவறன்று, நான்கு மாதங்களைக் கடந்தும் கால் வலி தணியாவிடில், மேலும் பொறுப்பதைவிட அறுவையைப் பற்றிப் பேசுவது தக்கது.

முதுகெலும்புக் கால்வாய்க் குறுக்கம்: திருகாணிகள் எல்லோருக்கும் தேவையா?

வயது முதிர்ந்தவர்களுக்கு முதுகெலும்புக் கால்வாய் குறுகி, சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்து, உட்கார்ந்தால் தணியும் நிலை ஏற்படுகிறது. அழுத்தும் எலும்பையும் தசைநாரையும் அகற்றி நரம்புக்கு இடமளிப்பதே அடிப்படை அறுவை. ஓர் எலும்பு மற்றொன்றின் மேல் சற்று நழுவியிருந்தால், திருகாணிகளும் தண்டுகளும் பொருத்தி எலும்புகளை இணைக்கும் அறுவையையும் சேர்த்துச் செய்வது பரவலான வழக்கம்.

2016-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், 247 பேரிடையே எலும்பு இணைப்பைச் சேர்த்ததால் கூடுதல் பயன் தெரியவில்லை. மருத்துவமனையில் தங்கிய நாள்கள் சராசரியாக 7.4, இணைப்பு செய்யாதவர்களுக்கு 4.1. அதே ஆண்டில் வெளியான, 66 பேரைக் கொண்ட சிறிய அமெரிக்க ஆய்வு இணைப்புக்குச் சிறிதளவு சாதகமாக அமைந்தது. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வகையில், நார்வே நாட்டில் நழுவலும் குறுக்கமும் உடைய 267 பேரிடம் ஆய்வு நடந்து 2021-இல் வெளியானது. இரண்டாண்டுகளுக்குப் பின் போதிய முன்னேற்றம் கண்டவர்கள், எளிய அறுவை பெற்ற குழுவில் 71.4 விழுக்காடு, இணைப்பும் சேர்த்துப் பெற்ற குழுவில் 72.9 விழுக்காடு.

எலும்புகள் மிகுதியாக அசையும் நிலை, பெரும் வளைவு, எலும்பு முறிவு, கட்டி, தொற்று ஆகியவற்றில் திருகாணிகள் இன்றியமையாதன ஆகலாம். மற்றபடி, “எலும்பு இணைப்பு இன்றி நரம்பை மட்டும் விடுவித்தால் போதுமா?” என்று கேட்பது உங்கள் உரிமை.

பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மேற்கூறிய முதுகெலும்பு ஆய்வுகள் யாவும் அவசரநிலை இல்லாதவர்களிடம் நடந்தவை. கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வெளியேறுதல்
• பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடைப் பகுதிகள் மரத்துப்போதல்
• ஒரு காலிலோ இரு கால்களிலோ வலுவிழப்பு நாளுக்கு நாள் கூடுதல்
• முதுகு வலியுடன் காய்ச்சல், அல்லது புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகு வலி

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல், வாழ்நாளில் கண்டிராத கடும் தலைவலி திடீரெனத் தாக்குதல் ஆகியன தோன்றினால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அவர் கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே. வாய்வழியாக நீரோ உணவோ கொடுக்காதீர்கள். ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுக்காதீர்கள். இரத்தக்கசிவாக இருந்தால் அது தீங்காகும்.

ஆய்வு முடிவை உங்கள் நிலைக்கு எவ்வாறு பொருத்துவது?

ஆய்வில் சேர்க்கப்படுபவர்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வயது, பிற நோய்கள், கசிவின் அளவு, வந்த நேரம் என ஒவ்வொன்றுக்கும் வரம்பு உண்டு. உங்கள் குடும்பத்தவர் அவ்வரம்புக்குள் வராவிடில், அவ்வெண்கள் அவருக்கு அப்படியே பொருந்தா. மேலும், உறைவு அகற்றும் ஆய்வுகள் நாளும் அப்பணியைச் செய்யும் மருத்துவமனைகளில் நடந்தவை. அவ்வசதி உள்ள இடத்தை அடைய ஆகும் நேரமும் உங்கள் கணக்கில் சேர வேண்டும்.

முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்கத் தக்கவை:

• இச்சிகிச்சையின் நோக்கம் உயிரைக் காப்பதா, இயலாமையைக் குறைப்பதா, வலியைத் தணிப்பதா?
• இப்போது செய்யாமல் பொறுத்தால் என்ன நேரலாம்? எத்தனை நாள் பொறுக்கலாம்?
• இவரைப் போன்ற நோயாளிகளில் பத்துப் பேருக்குச் செய்தால், எத்தனை பேர் எந்த நிலையில் வீடு திரும்புவர்?
• இம்மருத்துவமனையில் இச்சிகிச்சை அடிக்கடி செய்யப்படுகிறதா?
• இதைவிடச் சிறிய அறுவை போதுமா?

அவசரநிலை இல்லாதபோது மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவமதிப்பாகாது. ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

ஆய்வில் சேருமாறு உங்களிடம் கேட்கப்பட்டால்

மேலே கூறிய ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால், தமக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்று அறியாமலே ஒப்புக்கொண்ட நோயாளிகள் உள்ளனர். அவர்களால்தான் பின்வந்தவர்கள் தேவையற்ற அறுவையிலிருந்து தப்பினர். தேவையான அறுவையை உரிய நேரத்தில் பெற்றனர். உங்களிடமும் ஒருநாள் இவ்வாறு கேட்கப்படலாம்.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும்; இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்திலும் பதிவுசெய்யப்பட வேண்டும். 2007-இல் தொடங்கப்பட்ட அப்பதிவகத்தின் இணையதளத்தில் எவரும் ஆய்வின் விவரத்தைப் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். நோயாளி சுயநினைவின்றி இருந்தால், சட்டப்படி உரிய உறவினர் ஒப்புதல் அளிக்கலாம். சேர மறுப்பதாலோ இடையில் விலகுவதாலோ வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது. ஆய்வினால் உடற்பாதிப்பு நேர்ந்தால் மருத்துவ உதவியும், விதிகளுக்கு உட்பட்டு இழப்பீடும் பெறும் உரிமை உண்டு. ஆய்வின் பதிவு எண்ணையும், கையொப்பமிட்ட படிவத்தின் நகலையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொதுத் தகவலுக்கானவை. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கோ ஆலோசனைக்கோ மாற்றாகா. தற்போது உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் கேளாமல் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.